க்ளட்ச் மிதிக்க முடியாது, ஆனா பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வேணும்: ஆட்டோமேட்டிக்கா தேடறதா, மாத்தறதா?

லெஃப்ட்_முட்டி எழுதியது:

வணக்கம் மக்களே. நான் லெஸ்டர்ல இருக்கேன். ரொம்ப நாளா ஒரு எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி கம்பெனியோட கூரை தெறக்கற ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கணும்னு ஆசை, குரோம் பம்பர் வெச்சது, ரப்பர் பம்பர் மாடல் வேணாம். பசங்க யூனிவர்சிட்டி போகட்டும் அப்புறம் பாக்கலாம்னு தள்ளிட்டே வந்தேன், இப்ப அவங்க கிளம்பிட்டாங்க, ஆனா நம்ம இடது முட்டி மக்கர் பண்ணிடுச்சு. ஆபரேஷன் ஆச்சு, நடக்கறதுல பிரச்சனை இல்ல, ஆனா சும்மா சும்மா க்ளட்ச் மிதிக்கற வேலை ஆகாதுன்னு பிசியோ கறாரா சொல்லிட்டாங்க. வீட்ல அவங்ககிட்டயும் ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் மட்டும்தான், அதனால வாங்கற கார் ரெண்டு பேரும் ஓட்டற மாதிரி இருந்தா பணம் செலவு பண்றதுக்கு வீட்ல ஒரு நியாயமும் சொல்லலாம்.

இப்ப என் குழப்பம் என்னன்னா, ஃபேக்டரியிலேயே ஆட்டோமேட்டிக்கா வந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்னு ஏதாவது இருக்கா, இல்ல நல்ல மேனுவல் கார் ஒண்ண வாங்கி கியர்பாக்ஸ மாத்திடறது நல்லதா? ஆன்லைன்ல தேடினா நூறு காருக்கு ஒண்ணு கூட ஆட்டோமேட்டிக் வர மாட்டேங்குது, வந்தா ஜாக்வார் ஈ டைப்னு வருது, அந்த விலைக்கு வீட்டையே விக்கணும். பட்ஜெட் எல்லாம் சேத்து 20,000 பவுண்டு, அதுல கொஞ்சம் ரிப்பேருக்குனு ஒதுக்கணும். ரேஸ் ஓட்டப் போறதில்ல, ஞாயித்துக்கிழமை டெர்பிஷயர் பக்கம் கூரைய தெறந்துட்டு போய்ட்டு வரணும், அவ்வளவுதான். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பழைய_இரும்பு எழுதியது:

மாத்தற யோசனைய கொஞ்சம் ஓரமா வைங்க சார். எம்ஜிபியே ஆட்டோமேட்டிக்கா வந்திருக்கு, நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. 1967 கடைசில மார்க் 2 வந்தப்போ அந்த ஆப்ஷன் குடுத்தாங்க, 1973ல நிறுத்திட்டாங்க. உள்ள இருக்கறது போர்க் வார்னர் 35, மூணு ஸ்பீடு கியர்பாக்ஸ், சுருக்கமா பெட்டினு சொல்வோம். அந்தக் காலத்துல இங்க எந்த கம்பெனி ஆட்டோமேட்டிக் கார் போட்டாலும் பெரும்பாலும் இதையேதான் தூக்கி வெச்சாங்க, லெட்ச்வொர்த் ஃபேக்டரில இருந்து வரும், ரோவர் 2000, ட்ரையம்ஃப், ஹில்மேன், ஃபோர்டு, வால்வோ வரைக்கும் இதே பெட்டிதான். அதனால இன்னிக்கும் பார்ட்ஸ் கிடைக்குது, பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆளும் கிடைக்கறாங்க.

ஆனா சொல்லிடறேன், எம்ஜிபி ஆட்டோ அப்பவே விக்கல. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறவன் கியர் நானே போடணும்னுதானே வருவான். வந்த கொஞ்ச நஞ்சத்துலயும் சிலத பின்னாடி வந்த ஓனருங்க மேனுவலா மாத்திட்டாங்க. அதுலயும் ரோட்ஸ்டர் ரொம்ப அபூர்வம், கூரை தெறக்காத ஜிடி கூப்பேதான் அப்பப்ப கண்ணுல படும். கூரை கண்டிப்பா தெறக்கணும்னா பொறுமை வேணும். எம்ஜி ஓனர்ஸ் கிளப், எம்ஜி கார் கிளப் ரெண்டுலயும் விளம்பரம் பாருங்க, அங்க வர்ற ஆட்டோ காரை விக்கறவங்க வயசானவங்களா இருப்பாங்க, அவங்களுக்கும் முட்டிதான் பிரச்சனையா இருந்திருக்கும்.

ஓட்டறதுக்கு எப்படின்னா, 1798 சிசி இஞ்சின், அன்னிக்கு கம்பெனி சொன்ன கணக்குல 95 பிஎச்பி, அதுல க்ளட்ச்சுக்கு பதிலா இருக்கற டார்க் கன்வெர்டர் ஒரு பங்க சாப்பிட்டுடும். கிளம்பறப்ப சோம்பேறியா இருக்கும், கிளம்பினப்புறம் ஓகே. மூணாவது கியர்தான் டாப், வேகத்துல இஞ்சின் சுத்தறத குறைக்கற ஓவர்டிரைவ் கிடையாது, அதனால மோட்டர்வேல 70 மைல்ல ஏறக்குறைய 3900 ஆர்பிஎம்ல கத்திட்டே போகும். டெர்பிஷயர் ரோட்ல 45, 50ல போறதுக்கு சுகமா இருக்கும். உங்க வேலைக்கு இது போதும்னுதான் நான் சொல்வேன்.

கொஞ்சம் பலம் வேணும்னா எம்ஜிசி பாருங்க, 1967ல இருந்து 69 வரைக்கும் மட்டும் வந்தது, ஏறக்குறைய 9000 கார், 2912 சிசி ஆறு சிலிண்டர், அதுலயும் அதே பெட்டி ஆப்ஷன். பானெட்ல ஒரு வீக்கம் இருக்கும் பாருங்க, அதுதான் அடையாளம். முன்னாடி கனமான இஞ்சின், வளைவுல மூக்கு வெளிய போகும்னு அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரங்க கிழிச்சுத் தொங்கவிட்டாங்க, அந்தக் கெட்ட பேர் இன்னும் போகல. என்னைக் கேட்டா ஆட்டோமேட்டிக்கு எம்ஜிபிய விட எம்ஜிசிதான் பொருத்தம், கீழ இருந்தே இழுக்கற இஞ்சின், பெட்டிக்கு ரொம்ப வேலை இருக்காது.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்றேன். சன்பீம் ஆல்பைன் சீரிஸ் 4ல ஆட்டோ இருந்துச்சு, கண்ணால பாத்தா எனக்கு போட்டோ அனுப்புங்க. டெய்ம்லர் எஸ்பி250, 2.5 லிட்டர் வி8, ஃபைபர் பாடி, லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸே கருப்பு கலர்ல ஆட்டோமேட்டிக்கா வாங்கி ராத்திரில வேகமா போறவங்கள துரத்தினாங்க, அருமையான கார், ஆனா உங்க பட்ஜெட்ல நல்லது கிடைக்கறது கஷ்டம். ட்ரையம்ஃப் டிஆர்7லயும் ஆட்டோ உண்டு, போர்க் வார்னர் 65, விலை குறைவு, ஆனா குரோம் பம்பர் ஆசையோட வர்ற ஆளுக்கு அந்த ஆப்பு மாதிரி மூஞ்சி பிடிக்குமான்னு தெரியல. ரிலையன்ட் சிமிட்டார் ஜிடிஈயும் இருக்கு, 3 லிட்டர் ஃபோர்டு வி6, இளவரசி ஆன் ஓட்டின கார், அதுக்கு கூரை தெறக்காது. டிஆர்6, ஆஸ்டின் ஹீலி 3000, மிட்ஜெட், ஸ்பிட்ஃபயர் இதுல எதுலயும் ஃபேக்டரி ஆட்டோ கிடையாது, இருக்குன்னு யாராவது வித்தா அது பின்னாடி மாத்தினது.

குரோய்டன்_அண்ணை எழுதியது:

தம்பி, உங்கட முழங்கால் கதை வாசிக்க எனக்கு என்ர கதை மாதிரியே கிடக்கு. பழைய இரும்பு சொன்னதெல்லாம் சரி, ஆனால் முக்கியமான காரை அவர் விட்டிட்டார். ட்ரையம்ஃப் ஸ்டாக். என்னட்டை 1973 ஆம் ஆண்டுக் கார் ஒண்டு நிக்குது, ஆட்டோமேட்டிக்தான், மனுசியும் ஓடுவா.

எம்ஜிபியில ஆட்டோ தேடித் திரியுறதெண்டால் மாசக்கணக்கா காத்திருக்க வேணும். ஸ்டாக் அப்பிடி இல்லை, 1970ல இருந்து 77 வரைக்கும் 25,000க்கு மேல செய்தவங்கள், அதில நிறையக் கார் ஃபேக்டரியிலேயே ஆட்டோமேட்டிக்காத்தான் வந்தது. அதனால தெரிவு இருக்கு, நல்லதை மட்டும் பாத்து எடுக்கலாம். 2997 சிசி வி8, 145 பிஎச்பி, மிக்கெலோட்டி எண்ட இத்தாலிக்காரன் வரைஞ்ச உடம்பு. கூரையைக் கழட்டினாலும் நடுவில டி வடிவத்தில ஒரு கம்பி நிக்கும், சிலருக்கு அது பிடிக்கிறேல்ல, எனக்கு அதுதான் அழகு. பின்னால பிள்ளையளும் இருக்கலாம், அவையள் லீவுக்கு வரேக்க உதவும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேணும். எம்ஜிபிகாரர் கோபிக்கக் கூடாது, வி8 ஒண்டு டி யில போட்டு மெதுவா உருளுற சத்தத்துக்கு முன்னால நாலு சிலிண்டர் நிக்காது.

இப்ப கெட்டதைச் சொல்லுறன். ஸ்டாக் எண்டாலே சூடாகிற கார் எண்டு ஆக்கள் சொல்லுவினம், அது பொய்யில்லை. தண்ணிப் பம்ப் இஞ்சினுக்கு மேல, வி க்கு நடுவில இருக்கு, ரேடியேட்டரில தண்ணி கொஞ்சம் இறங்கினாலே பம்புக்கு எட்டாது, பிறகு இஞ்சின்ர மேல்பக்கம் இருக்கிற ஹெட் வளைஞ்சு போகும். அதோட ஃபேக்டரியில வார்க்கேக்க உள்ளுக்குள்ள விட்ட மணல் சரியாக் கழுவாமல் போய் ரேடியேட்டரை அடைச்சதும் உண்டு. ஹெட்டைக் கழட்டிறதும் லேசில்லை, அதை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டட் கம்பியள் ஒரு வரிசை நேராவும் மற்ற வரிசை சரிவாவும் நிக்கும், துருப்பிடிச்சு இறுகினால் ஹெட் அசையாது. டைமிங் செயின் 25,000 30,000 மைலுக்கு ஒருக்கா மாத்த வேணும், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். இதெல்லாம் 50 வருசமா எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி, மருந்தும் தெரியும், நல்ல ரேடியேட்டர், எலெக்ட்ரிக் ஃபேன், தண்ணி குறைஞ்சால் லைட் எரியுற அலாரம், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆன்டிஃப்ரீஸ். விக்கிறவர் இந்த வேலையளுக்கு ரசீது காட்டினால் பயப்படாமல் எடுங்கோ. ரசீது இல்லாட்டி எவ்வளவு வடிவா இருந்தாலும் வேண்டாம்.

அந்தக் காலத்தில இந்த இஞ்சினோட மாரடிக்க ஏலாமல் சிலர் ரோவர் வி8, சிலர் ஃபோர்டு வி6 எண்டு மாத்தி வச்சிருக்கினம். ஓடுறதுக்கு அது சுகம், விலையும் குறையும், ஆனால் திருப்பி விக்கேக்க சொந்த இஞ்சின் இருக்கிறதைத்தான் ஆக்கள் கேப்பினம்.

சும்மா_வந்தேன் எழுதியது:

ப்ரோ தப்பா நெனைக்காதீங்க, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? 2000க்கு மேல வந்த எம்ஜிஎஃப் ஸ்டெப்ட்ரானிக் வாங்குங்க, அதுவும் எம்ஜிதான், கூரை தெறக்கும், ரெண்டு பெடல், ஹீட்டர் வேலை செய்யும், விலை உங்க பட்ஜெட்ல கால் பங்கு கூட வராது. மிச்ச காசுக்கு ஊருக்குப் போய்ட்டு வரலாம்.

லெஃப்ட்_முட்டி எழுதியது:

@சும்மா_வந்தேன் ப்ரோ நீங்க சொல்றது அறிவுப்பூர்வமா சரிதான், ஆனா அறிவுப்பூர்வமா யோசிச்சா இந்த த்ரெட்டே போட்டிருக்க மாட்டேன்.

@குரோய்டன்_அண்ணை ஸ்டாக் நான் யோசிக்கவே இல்ல, வீட்ல போட்டோ காட்டினேன், எம்ஜிபிய விட இதுதான் பிடிச்சிருக்காம். ஆனா ஹெட்டு ஸ்டட்டுனு சொன்னதுல கொஞ்சம் வயித்த கலக்குது.

இன்னொண்ணு கேக்கணும், என் ஃப்ரெண்ட் ஒருத்தர் நல்ல 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர் விக்கறார், மேனுவல் ஓவர்டிரைவ், துரு இல்ல, கதவுக்குக் கீழ இருக்கற சில்ஸ் தகடு எல்லாம் புதுசு. இத வாங்கி ஆட்டோமேட்டிக் பெட்டி ஒண்ண எங்கயாவது தேடிப் போட்டா என்ன? லோக்கல் கராஜ்ல கேட்டா பண்ணிடலாம் சார்னு ரொம்ப ஈஸியா சொல்றாங்க, அவங்க அப்படி ஈஸியா சொல்றதுதான் பயமா இருக்கு.

ஸ்பேனர்_சாமி எழுதியது:

பயம் நியாயமானது. பண்ணிடலாம்னு சொல்றவங்ககிட்ட என்னென்ன மாத்தணும்னு ஒரு லிஸ்ட் எழுதிக் கேளுங்க, அதுலயே தெரிஞ்சிடும் அவங்க இதுக்கு முன்னாடி பண்ணியிருக்காங்களா இல்லையான்னு.

1969ன்றது உங்க அதிர்ஷ்டம். மார்க் 2ல ஆட்டோ பெட்டி உள்ள போறதுக்காகவே ரெண்டு சீட்டுக்கு நடுவுல பெட்டி உக்கார்ற டனல அகலப்படுத்திட்டாங்க, ஆட்டோ மேனுவல் ரெண்டுக்கும் ஒரே பாடிதான். அதுக்கு முந்தின கார்னா டனல வெட்டி ஒட்டணும், அந்தப் பக்கமே போகாதீங்கன்னு சொல்லியிருப்பேன். இடம் இருக்கு சரி, ஆனா பெட்டி மட்டும் மாத்தினா முடியற வேலை இல்ல இது. ஃப்ளைவீல் போய் அந்த இடத்துல மெல்லிசான டிரைவ் பிளேட் வரணும், கன்வெர்டரோட மூக்கு க்ராங்க் பின்னாடி சரியா நடுவுல உக்காரணும், கொஞ்சம் கோணல் ஆனாலும் முன்னாடி இருக்கற ஆயில் பம்ப் சீலை தின்னுடும். பெல் ஹவுசிங் எம்ஜிபிக்குன்னு வந்ததா இருக்கணும், ஸ்டாக்ல இருந்தோ ரோவர்ல இருந்தோ கழட்டின 35 பாக்க ஒரே மாதிரி இருக்கும் ஆனா அப்படியே பொருந்தாது, உள்ள வால்வ் பாடில கியர் மாறற செட்டிங்கும் அந்தந்த இஞ்சினுக்குத் தகுந்த மாதிரி வேற வேற. அப்புறம் பின்னாடி கிராஸ் மெம்பர், ப்ராப் ஷாஃப்ட் நீளம், ஸ்பீடோமீட்டர் கேபிள், செலக்டர் லீவர், கியர்ல இருக்கறப்ப ஸ்டார்ட் ஆகாம தடுக்கற சுவிட்ச், பெடல் பாக்ஸ், ஆயில் கூலர். கடைசியா கார்புரேட்டர்ல இருந்து பெட்டிக்குப் போற கிக் டவுன் கேபிள், ஆக்சிலரேட்டர எவ்வளவு மிதிச்சிருக்கோம்னு பெட்டிக்குச் சொல்றது, அத மறந்துட்டோ கண்ட இடத்துல மாட்டிட்டோ பெட்டி எரிஞ்சு போன கதை நிறைய.

இவ்வளவும் பண்ணினா கடைசில உங்க கையில இருக்கறது மெதுவான கார், ஓவர்டிரைவ் இல்லாத கார், ஒரிஜினலும் இல்லாத கார். நல்ல ஓவர்டிரைவ் ரோட்ஸ்டரோட மதிப்ப காசு குடுத்து குறைக்கற வேலை இது.

மாத்தறதுன்னு ஆயிட்டா நாலு ஸ்பீடு பெட்டிக்குப் போங்க. ஸ்டாக் ஆளுங்க நிறைய பேர் ஜெட்எஃப் 4எச்பி22 போட்டிருக்காங்க, ஜாக்வார், பிஎம்டபிள்யூ, ரேஞ்ச் ரோவர்ல வந்த பெட்டி, அதுக்குன்னே அடாப்டர் கிட் உண்டு. நாலாவது கியர் 0.73, அதனால மோட்டர்வேல ஆர்பிஎம் கால் பங்குக்கு மேல இறங்கும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய ஹைட்ராலிக் மாடலும் கிடைக்கும், பழைய காருக்கு அதுதான் சுலபம். ரேஞ்ச் ரோவர் பெட்டி மலிவா கிடைக்குதேன்னு மட்டும் ஏமாந்துடாதீங்க, அதோட வால் நேரா ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குள்ள போற மாதிரி இருக்கும், பின்வீல் காருக்கு பின்பக்கத்தையே மாத்தணும். இன்னொரு விஷயம், இந்தப் பெட்டிய பி லயோ என் லயோ வெச்சு இஞ்சின ஏறு ஏறுன்னு ஏத்தினா உள்ள ஒரு க்ளட்ச் பேக் செத்துடும், கராஜ்ல யாராவது சத்தம் கேக்கறதுக்காக அப்படிப் பண்ணினா கையத் தட்டி விடுங்க.

இதெல்லாம் விட உங்க ஃப்ரெண்ட் காருக்கு நான் சொல்ற யோசனை வேற. கியர்பாக்ஸ தொடாதீங்க. க்ளட்ச்ச மட்டும் ஆட்டோமேட்டிக் ஆக்குங்க. ஊனமுற்றவங்களுக்கு கார் மாத்திக் குடுக்கற ஸ்பெஷலிஸ்ட் கராஜ்ங்க இங்க இருக்கு, அவங்க பண்ற வேலைதான் இது. கியர் லீவர்ல கை வெச்சதும் ஒரு சென்சார் சொல்லும், ஒரு ஆக்சுவேட்டர் க்ளட்ச்ச அமுக்கும், கைய எடுத்தா விடும், கிளம்பறப்ப ஆர்பிஎம் பாத்து அதுவே மெதுவா விடும். எம்ஜிபி க்ளட்ச் ஹைட்ராலிக்தான், சிலிண்டர் கைக்கு எட்டற இடத்துல இருக்கு, அதனால இந்த வேலைக்கு தோதான கார். இது புது ஐடியாவும் இல்ல, 1950கள்ல மேனுமேட்டிக்னு லாக்ஹீட் கம்பெனி இதே மாதிரி ஒண்ண வித்தாங்க, 90கள்ல சாப் சென்சோனிக்னு போட்டாங்க. கியர் நீங்களே போடலாம், ஓவர்டிரைவ் அப்படியே இருக்கும், 70 மைல்ல 3200 பக்கம்தான் ஓடும், நாளைக்கு விக்கணும்னா எல்லாத்தையும் கழட்டிட்டு பழையபடி ஆக்கிடலாம்.

இதுல குறை என்னன்னா, செட்டிங் பண்றவர் கைய பொறுத்துதான் எல்லாம். சரியில்லன்னா சிக்னல்ல ஒவ்வொரு தடவையும் குதிச்சுட்டு கிளம்பும். மேட்டுல ரிவர்ஸ் எடுத்து பார்க் பண்றது கடைசி வரைக்கும் கொஞ்சம் டென்ஷன்தான்.

எலெக்ட்ரிக்கா மாத்தலாமேன்னு அடுத்து யாராவது வருவாங்க, அதனால இப்பவே சொல்லிடறேன், நல்லா பண்ணினா அருமையா இருக்கும், க்ளட்ச்சே தேவையில்ல, ஆனா அந்த செலவு உங்க மொத்த பட்ஜெட்டயும் தாண்டிடும். எக்ஸாஸ்ட் சத்தம் இல்லாத எம்ஜிபி எனக்கு வேணாம், அது என் தனிப்பட்ட கருத்து.

ஃபார்ம்_நிரப்பி எழுதியது:

கார் விஷயத்துல நான் வாய் தெறக்கல, ஆனா பேப்பர் வேலை யாரும் சொல்லல.

வீட்டம்மா லைசென்ஸ் பின்னாடி 78னு ஒரு கோடு இருக்கும், ஆட்டோமேட்டிக் மட்டும்னு அர்த்தம். க்ளட்ச் பெடல் இல்லாத கார்தான் அவங்க ஓட்டலாம். சாமி சொன்ன மாதிரி க்ளட்ச் மட்டும் ஆட்டோமேட்டிக் ஆக்கி, பெடலயும் ஒரு ஓரமா விட்டு வெச்சா, மேனுவலா ஓட்டிக்கலாம்னு சில கிட்ல வரும், அந்த மாதிரி போட்டா அவங்க ஓட்ட முடியாது. முன்னாடியே இத லைசென்ஸ் குடுக்கற டிவிஎல்ஏகிட்டயும் இன்ஷூரன்ஸ்கிட்டயும் எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

40 வயசு தாண்டின காருக்கு ரோடு டாக்ஸ் கிடையாது, ஆனா அதுவா வராது, ஹிஸ்டாரிக்னு மாத்தச் சொல்லி விண்ணப்பிக்கணும். வருஷா வருஷம் பண்ற எம்ஓடி டெஸ்ட்டும் 2018 மே மாசத்துல இருந்து வேணாம், ஒரே கண்டிஷன் கடைசி 30 வருஷத்துல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. கியர்பாக்ஸ் மட்டும் மாத்தினா அது பெரிய மாற்றத்துல வராது, சஸ்பென்ஷன், ஸ்டியரிங் முறை, சேசிஸ், இஞ்சின் இதெல்லாம்தான் பாப்பாங்க. இஞ்சினையும் சேத்து மாத்தி, சிலிண்டர் எண்ணிக்கையும் வேறயானா அங்கதான் சிக்கல். ரோவர் வி8 போட்ட ஸ்டாக்ல ரெண்டும் எட்டு சிலிண்டர்தான், இருந்தாலும் எப்ப மாத்தினதுன்னு ரசீது வாங்கி வைங்க. என்னைக் கேட்டா எம்ஓடி வேணாம்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணிக்கறது நல்லது, அந்த காச மிச்சம் பிடிச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல.

ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 8 பாயிண்ட் கணக்குனு ஒண்ணு இருந்துச்சு, பழைய ரெஜிஸ்ட்ரேஷன வெச்சுக்க குறைஞ்சது 8 வேணும், சேசிஸுக்கோ மோனோகாக்குக்கோ (சேசிஸும் பாடியும் ஒண்ணா இருக்கறது) 5, கியர்பாக்ஸுக்கு 2, இஞ்சினுக்கு 1, சஸ்பென்ஷன், ஆக்சில், ஸ்டியரிங் ஒவ்வொண்ணுக்கும் 2. அந்தக் கணக்குல மொத்தம் 14, அதுல 2 போனாலும் நீங்க சேஃப்தான், ஒரிஜினல் பாடிய வெட்டாம இருக்கற வரைக்கும்.

இன்ஷூரன்ஸ் கிளாசிக் பாலிசி எடுங்க, அக்ரீட் வேல்யூனு கேளுங்க, அதாவது காரோட மதிப்ப முன்னாடியே பேசி வெச்சுக்கறது. கியர்பாக்ஸ் மாத்தினது, க்ளட்ச் ஆக்சுவேட்டர் போட்டது எல்லாத்தையும் சொல்லிடணும், சொல்லலன்னா க்ளெய்ம் அன்னிக்கு கைய விரிச்சிடுவாங்க.

லெஃப்ட்_முட்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஃப்ரெண்டோட ரோட்ஸ்டர அப்படியே விட்டுடறேன், அத கெடுக்கற பாவம் எனக்கு வேணாம். ரெண்டு கார் கண்ணுல பட்டிருக்கு. ஒண்ணு 1970 எம்ஜிபி ஜிடி, ஒரிஜினல் ஆட்டோமேட்டிக்னு போட்டிருக்காங்க, ஷெஃபீல்ட் பக்கம். இன்னொண்ணு 1974 ஸ்டாக், நாட்டிங்ஹாம்ல, ஒரு பைல் நிறைய ரசீது இருக்காம். ஜிடிக்கு கூரை தெறக்காது, ஆனா ஜிடி விலை குறைவு. போய் பாக்கறப்ப பெட்டி நல்லா இருக்கான்னு என்ன மாதிரி ஆள் எப்படி கண்டுபிடிக்கறது? ஒரிஜினல்னு சொல்றத நம்பறதா?

பழைய_இரும்பு எழுதியது:

ஒரிஜினலான்னு பாக்கறது சுலபம். எம்ஜிக்கும் ட்ரையம்ஃபுக்கும் கெய்டன்ல இருக்கற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துல ஹெரிட்டேஜ் சர்டிஃபிகேட்னு தருவாங்க, சேசிஸ் நம்பர் குடுத்தா ஃபேக்டரி ரெக்கார்ட பாத்து என்ன கலர், என்ன ஆப்ஷன், எப்ப செஞ்சதுன்னு எழுதித் தருவாங்க. விக்கறவர்கிட்டயே அது இருந்தா இன்னும் நல்லது. எம்ஜிபில இன்னொரு வழி, இஞ்சின் நம்பர் பிளேட்ட பாருங்க, அந்த வருஷத்து 18ஜிடி, 18ஜிஜி இஞ்சின்ல நம்பருக்கு நடுவுல ஆர்சினு ரெண்டு எழுத்து இருந்தா ஆட்டோமேட்டிக்குக்கு வந்த இஞ்சின். இல்லன்னா இஞ்சின் மாத்தியிருக்கலாம், அதனால அத மட்டும் வெச்சு முடிவு பண்ணிடாதீங்க.

பெட்டிய பாக்கறதுக்கு முதல்ல விக்கறவருக்கு போன் பண்ணி, நான் வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லுங்க. பச்சையா ஸ்டார்ட் ஆகறத நீங்க பாக்கணும். ரொம்ப நாள் நின்ன வண்டின்னா கன்வெர்டர்ல இருந்த ஆயில் கீழ இறங்கியிருக்கும், முதல் தடவை டி ல போட்டா கொஞ்சம் யோசிச்சுட்டுதான் பிடிக்கும், அது வியாதி இல்ல. சூடானப்புறமும் அப்படி யோசிச்சா வியாதி.

அரை மணி நேரம் நல்லா ஓட்டுங்க, அப்புறம் சமதரையில நிறுத்தி, பி ல போட்டு, இஞ்சின் ஓடிட்டு இருக்கறப்பவே பெட்டியோட டிப்ஸ்டிக்க எடுங்க. வெள்ளை பேப்பர்ல தொடச்சு பாருங்க. செகப்பா, தெளிவா இருந்தா சந்தோஷம். பழுப்பாயி, தீஞ்ச வாசனை அடிச்சா உள்ள க்ளட்ச் எரிஞ்சிருக்கு, அவர் என்ன கதை சொன்னாலும் பெட்டி பிரிக்கற செலவ விலைல கழிச்சுட்டுதான் பேசணும். பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு, அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. என்ன ஆயில் ஊத்தியிருக்கீங்கன்னும் கேளுங்க. இந்தப் பெட்டிக்கு டைப் எஃப் ஆயில், டெக்ஸ்ரான் இல்ல, ரெண்டும் செகப்பாதான் இருக்கும் ஆனா உராய்வு வேற, கடைல கிடைச்சதுன்னு டெக்ஸ்ரான ஊத்தறவங்கதான் அதிகம்.

ஓட்டறப்ப ஒண்ணுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து மூணு மாறறத கவனிங்க. ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப நடுவுல இஞ்சின் மட்டும் ஒரு நொடி கத்திட்டு அப்புறம் பிடிச்சா பெட்டிக்குள்ள இறுக்கிப் பிடிக்கற பேண்டோட அட்ஜஸ்ட்மென்ட்டோ க்ளட்ச் தேய்மானமோ இருக்கு. ஒவ்வொரு கியரும் முதுகுல குத்தற மாதிரி மாறினா பெரும்பாலும் அந்த கிக் டவுன் கேபிள்தான், அது அட்ஜஸ்ட் பண்ற வேலை, அத வெச்சு பேரம் பேசலாம். ரிவர்ஸ்ல மேட்டுல ஏத்திப் பாருங்க, ரிவர்ஸ் வழுக்கினா வேணாம். டி ல இறக்கத்துல முதல் கியர்ல இஞ்சின் பிரேக் பிடிக்காதது பழுதில்ல, அந்தப் பெட்டியோட அமைப்பே அப்படித்தான், அதப் பாத்து பயந்துடாதீங்க.

ஸ்டாக்க ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் உடனே ஆஃப் பண்ணாதீங்க. டி ல பிரேக் மேல காலை வெச்சுட்டு டெம்பரேச்சர் முள்ள பத்து நிமிஷம் பாருங்க. நடுவுலயே நின்னா பாதி பயம் போச்சு.

குரோய்டன்_அண்ணை எழுதியது:

அதோட நாட்டிங்ஹாம் காரில ரேடியேட்டர் மூடி எப்ப மாத்தினதெண்டும் கேளுங்கோ. சின்னச் சாமான்தான், பிரஷர் பிடிக்காட்டி தண்ணி இறங்கத் தொடங்கிவிடும். ஸ்டாக் ஓனர்ஸ் கிளப்பில சேர்ந்தால் உங்கட பக்கத்தில இருக்கிற ஆக்களே கூட வந்து கார் பாத்துத் தருவினம், இதில அவையளுக்கு ஒரு சந்தோசம். ஞாயிற்றுக்கிழமை போறதெண்டால் சொல்லுங்கோ, அந்தப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார், அவரிட்டை இஞ்சின் கம்ப்ரஷன் பாக்கிற கேஜும் இருக்கு.

லெஃப்ட்_முட்டி எழுதியது:

அண்ணா, ஞாயிறு காலைல பத்து மணிக்கு நாட்டிங்ஹாம். வீட்லயும் வர்றாங்க, டெஸ்ட் டிரைவ் அவங்கதான் பண்ணப் போறாங்களாம். உங்க ஆளோட நம்பர தனி மெசேஜ்ல அனுப்புங்க. ஜிடிக்காரர்கிட்ட அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.